ஒரு ஓவரிதான் (சினைப்பை) இருக்கிறது, மாதம் விட்டு மாதம்தான் வாய்ப்பா?

மல்லிகைப்பூ:
தோழிகளே, வயது 29. கல்யாணத்துக்கு முன்பே இடது ஓவரியில் டெர்மாய்டு கட்டி வந்து முறுக்கிக்கொண்டதால் ஓவரி, அந்தப் பக்கத்துக் கருக்குழாய் (ட்யூப்) இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், பீரியட்ஸ் தவறாமல் வருகிறது, ஆனால் தங்கவில்லை. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் எனக்கு முட்டை வரும் என்கிறார் நாத்தனார். முட்டைக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஏஎம்எச் 1.4 என்று பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. நேராக ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் பேபி) தானா?

செல்வி அக்கா:
தங்கச்சி, எனக்கும் ஒன்றுதான், அதிலேதான் என் பையன் பிறந்தான். இருக்கிற ஓவரியே பெரும்பாலும் மாதாமாதம் முட்டை விடும். இரண்டும் உள்ளவர்களுக்கே முறைவைத்து மாறி மாறி வருவதில்லை, நாத்தனார் சொல்வதை விடு. உனக்கு ஒழுங்காக பீரியட்ஸ் வருவதே நல்ல அறிகுறி. நிச்சயமாகத் தெரியவேண்டுமென்றால் ஃபாலிகுலர் ஸ்டடி கேள், பத்தாம் நாள் வாக்கில் தொடங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் பார்ப்பார்கள், முட்டைப்பை சுமார் 18 முதல் 24 மிமீ வரை வளர்ந்து வெடிக்கும். வெடித்த பிறகு முட்டைக்கு ஒரு நாள்தான் உயிர், விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் முந்தைய நாட்கள்தான் முக்கியம்.

வார்டு நர்ஸ்:
ஏஎம்எச் சொல்வது முட்டைக் கையிருப்பை. ஐவிஎஃப் ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்று கணிக்க உதவும், இயற்கையாகத் தங்குமா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு ஓவரி போனால் குறைவது இயல்பு. அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது, ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இப்போதே டாக்டரைப் பாருங்கள். மீதமுள்ள ட்யூப் திறந்திருக்கிறதா என்று எச்எஸ்ஜி, அதாவது கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை ஆயிற்றா? நீங்கள் அதை எழுதவே இல்லை. செலவும் குறைவு, வலியும் இல்லாதது, முதலில் அதை முடியுங்கள்.

மல்லிகைப்பூ:
இல்லை அக்கா, குறை எனக்குத்தானே என்று யாரும் அதைப் பேசவில்லை. எச்எஸ்ஜி ரொம்ப வலிக்குமா?

வார்டு நர்ஸ்:
சில நிமிடம் பீரியட்ஸ் வலி மாதிரி இழுக்கும், சிலருக்குக் கொஞ்சம் அதிகம். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா என்று கேளுங்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். பீரியட்ஸ் நின்று, முட்டை வெடிக்கும் முன் எடுப்பார்கள். ஆபரேஷன் ஆனவர் நீங்கள் என்பதால் குறை உங்களிடம்தான் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

செல்வி அக்கா:
ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் போடுகிறாயா? இல்லையென்றால் கேட்டு ஆரம்பி. அப்புறம், டெர்மாய்டு மறுபக்கமும் வரலாம், அதனால் ஸ்கேன் விடாதே. திடீரென்று அடிவயிற்றில் குத்தி வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு ஓவரிதான் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல். ஆபரேஷன் என்று வந்தால் கட்டியை மட்டும் எடுத்து ஓவரியைக் காப்பாற்ற முடியுமா என்று கேள்.

மல்லிகைப்பூ:
சரி அக்கா. இன்று ராத்திரியே அவரிடம் பேசுகிறேன், ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.