மூன்றாவது நடுவரின் தீர்ப்பு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

திருவல்லிக்கேணி ரசிகன்:

2021 பிப்ரவரி 13, சேப்பாக்கம், இங்கிலாந்துடனான இரண்டாவது டெஸ்டின் முதல் நாள். ரோகித்தின் சதத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரகானே 66 ஓட்டங்களில் இருந்தபோது ஜாக் லீச் வீசிய பந்து மட்டையைக் கடந்து, கால்காப்பில் பட்டு எழும்பி, கையுறையையும் தொட்டுவிட்டு மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நின்ற ஆலி போப்பிடம் கேட்சாகச் சென்றது. கள நடுவர் அவுட் இல்லை என்றார்; இங்கிலாந்து ரிவ்யூ, அதாவது தீர்ப்பை மறுபரிசீலிக்கும்படி, கேட்டது (அது பலிக்காவிட்டால் கையிருப்பில் ஒரு ரிவ்யூ குறையும்). தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது நடுவர், மட்டையின் விளிம்பில் பட்டதா என்று பார்த்தார். படவில்லை என்றதும், கால்காப்பில் படாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று பார்க்கும் எல்.பி.டபிள்யூ.வுக்கான பந்துத் தடத்துக்குப் போய்விட்டார். படத்தை இன்னும் ஒரு கணம் முன்னே ஓடவிட்டிருந்தால் கையுறை தெரிந்திருக்கும்.

பாதி இருக்கைகளுக்கே அனுமதி என்றாலும் எங்கள் பகுதியில் காது கிழியும் அளவுக்குக் கைதட்டல். பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் பைனாகுலரை இறக்காமல், "கையுறை தம்பி, கையுறையைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடம் போய்ச் சொல்வது? பிறகு இங்கிலாந்துக்கு அந்த ரிவ்யூவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரகானேயும் 67 ஓட்டங்களிலேயே மொயின் அலியின் பந்தில் போல்டானதால் விவகாரம் அத்தோடு அமுங்கிப்போனது. விக்கெட்டை மறுத்துவிட்டு ரிவ்யூவைத் திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற நடுவர்:

மேலே எழுதிய நண்பர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி, அடுத்த பந்து வீசப்பட்ட பிறகு பழைய தீர்ப்பை மாற்றினால் அதற்கு முடிவே இருக்காது. என் அனுபவம் சிறியது. மாவட்ட லீக் ஆட்டம் ஒன்றில், கேமரா என்ற பொருளே இல்லாத மைதானத்தில், நான் முறையீட்டை மறுத்தவுடன் பந்துவீச்சாளர் என் முகத்துக்கு நேராகக் கைகளால் ரிவ்யூ கேட்கும் 'டி' அடையாளம் காட்டினார். விக்கெட் கீப்பர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.

இளைஞர்கள் வாசிக்கும் இடம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். ரிவ்யூ கேட்க 15 நொடிகள் உண்டு. அதற்குள் யோசனை கேட்டு ஓய்வறையைப் பார்க்கக் கூடாது. 2017இல் பெங்களூரில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஸ்டீவ் ஸ்மித் அப்படிப் பார்த்து என்ன பாடுபட்டார் என்பது தெரிந்ததே. மூன்றாவது நடுவர் முதலில் நோ-பாலைப் பார்ப்பார், அடுத்து மட்டையில் பட்டதா என்பதை, அதன் பிறகே பந்துத் தடத்தை. கால்காப்பில் பட்ட இடத்துக்குப் பிந்தைய தடம் முழுவதும் கணிப்பே தவிரப் படமன்று என்பதால், எல்.பி.டபிள்யூ.வில் கள நடுவர் அவுட் இல்லை என்று சொன்ன தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் பந்தின் பாதியாவது ஸ்டம்புகளின் எல்லைக்குள் வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைவாக உரசினால் 'அம்பயர்ஸ் கால்', அதாவது கள நடுவர் சொன்னதே நிற்கும். 2021இல் அந்த எல்லையின் உயரத்தைக் கூட்டினார்கள். 'அம்பயர்ஸ் கால்' ஆனால் ரிவ்யூ கைவிட்டுப் போகாது என்ற விதி 2017இலிருந்து இருக்கிறது. அது தெரியாமல் இன்றும் தொலைக்காட்சி முன் அமர்ந்து "ரிவ்யூ போச்சு" என்று கூச்சலிடுகிறார்கள். ஒலியை அலையாகக் காட்டும் அல்ட்ராஎட்ஜ் கருவியில் அலை எழும்பியது என்பது மட்டும் போதாது; பந்து மட்டையைக் கடக்கும் அதே படத்தில் அது எழும்புகிறதா என்று பாருங்கள். மட்டை கால்காப்பில் இடித்தாலும், தரையில் தட்டினாலும் அலை எழும்பும்.

மெல்போர்ன் காலை:

ஐயா சொல்லும் அலை விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். 2024 டிசம்பர் 30 காலை, ஆஸ்திரேலியாவுடனான மெல்போர்ன் டெஸ்டை அலுவலகத்தில் ஒரே கைபேசியை ஆறு பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெய்ஸ்வால் 84. கம்மின்ஸ் பந்தை லெக் பக்கம் அடிக்கப்போய்த் தவறியது. கள நடுவர் அவுட் இல்லை என்றார். ரிவ்யூவில், அதே போல ஒலியைக் காட்டும் ஸ்னிக்கோ கருவியின் கோடு சிறு நடுக்கம்கூட இல்லாமல் நேராகக் கிடந்தது. ஆனாலும் பந்து கையுறையருகே திசை மாறியது கண்ணுக்குத் தெரிகிறது என்று அவுட் கொடுத்தார்கள். பந்து திரும்பியதை நானும்தான் பார்த்தேன், அவுட்டாகவே இருக்கலாம். அதற்கு ஒரு மாதம் முன்பு பெர்த்தில் ராகுல் 26 ஓட்டங்களில் இருந்தபோது நடந்தது என்ன? மட்டை கால்காப்பில் இடித்திருக்கலாம் என்ற ஐயம் தீராத நிலையில், வேறு கோணமும் கிடைக்காமல், அலை எழும்பியதை வைத்து அவரை அனுப்பினார்கள். அங்கே கருவியை நம்ப வேண்டும், இங்கே கண்ணை நம்ப வேண்டும் என்றால், எதை எப்போது நம்புவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கொங்கு நாட்டான்:

2023 ஜூன் மாதம் கோவையில் நடந்த டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டத்தை இங்கே ஒருவரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. திண்டுக்கல்லுக்காக அஸ்வின் வீசிய பந்தில் திருச்சி மட்டையாளர் ராஜ்குமாருக்குக் கேட்ச் அவுட் கொடுத்தார்கள். அவர் ரிவ்யூ கேட்டார். மட்டை தரையில் தட்டிய ஒலிதான் அது என்று கூறி மூன்றாவது நடுவர் தீர்ப்பை மாற்றினார். அடுத்த கணமே அஸ்வின், அதே பந்துக்கு, மாற்றப்பட்ட தீர்ப்பின் மீது ரிவ்யூ கேட்டார்! மூன்றாவது நடுவர் அதே படங்களை மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னார். என்னுடன் வந்திருந்த மைத்துனர், இனி ராஜ்குமாரும் ஒன்று கேட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியாது என்றார்.

பந்தல் வர்ணனையாளர்:

எங்கள் பக்கத்து ஊர்களில் கோடைதோறும் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் நான் வர்ணனை செய்பவன். இப்போது எல்லா ஊரிலும் யூடியூப் நேரலை வந்துவிட்டது. கூடவே வம்பும் வந்துவிட்டது. ஓர் அரையிறுதியில், கடைசி ஓவரில், ரன் அவுட் இல்லை என்று நடுவர் சொன்னதும் பந்துவீசிய அணி மொத்தமும் மைதானத்தைவிட்டுப் பந்தலுக்குள் வந்து, நேரலை ஓட்டும் தம்பியின் மடிக்கணினியைச் சூழ்ந்துகொண்டது. அந்தத் தம்பி கல்லூரியில் படிக்கிறவர்; கை நடுங்க ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ஒரு படத்தில் பந்து ஸ்டம்பை நெருங்கிக்கொண்டிருக்கிறது, மட்டை கோட்டுக்கு வெளியே இருக்கிறது. அடுத்த படத்தில் ஸ்டம்பு சாய்ந்துவிட்டது, மட்டை கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே படமே இல்லை. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், விழுந்தடித்து ஓடுகிறவனின் மட்டை ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சாண் தூரமாவது நகர்ந்துவிடும். அந்த ஒரு சாணுக்குள்தான் எங்கள் அரையிறுதி கிடந்தது. போதாக்குறைக்குக் கேமரா கோட்டுக்கு நேராக இல்லாமல், நிழலுக்காகப் பந்தலோடு ஒட்டிச் சாய்வாக வைக்கப்பட்டிருந்தது.

இரு தரப்பும் அதே இரண்டு படங்களைக் காட்டித்தான் சண்டையிட்டன. நடுவர் அந்தப் பக்கமே வரவில்லை. அங்கேயே நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைசியில் விழாக் குழுத் தலைவர் மடிக்கணினியை மூடிவிட்டு, நடுவர் சொன்னதே தீர்ப்பு என்று மைக்கில் அறிவிக்கச் சொன்னார்; அறிவித்தவன் நான். தோற்ற அணியினர் அந்த இரண்டு படங்களில் தங்களுக்குச் சாதகமான ஒன்றை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஓய்வுபெற்ற நடுவர் ஐயா, நீங்கள் முழு நீளப் பாடம் எடுத்தீர்கள், நன்றி. ஆனால் சாய்வாக வைத்த ஒற்றைக் கேமரா இருக்கும் ஊரில் அந்தப் படத்தைப் பார்க்கலாமா, கூடாதா என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. மே மாதம் அடுத்த போட்டி இருக்கிறது. குழு என்னிடம் கேட்கிறது.