கலைச்சொல் விவாதம்: ‘கன்ட்ரி ஹவுஸ்’ – ‘வளவு மாளிகை’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்பதற்கு ‘நாட்டுப்புற மாளிகை’ என்று வைத்துக்கொண்டு, இடிந்துபோனவற்றை ‘இழந்த நாட்டுப்புற மாளிகை’ என்றால் போதாதா?

போதாது என்றே எனக்குப் படுகிறது. ‘நாட்டுப்புறம்’ என்றதும் நமக்குப் பாட்டும் கூத்தும் நினைவுக்கு வருகின்றன. ‘பண்ணை வீடு’ என்றாலோ வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்த் தங்கிவரும் வீடு. இங்கிலாந்தில் அந்தச் சொல் குறிப்பது, பெருநிலம் ஒன்றின் நடுவில் அமைந்து, பெரும்பாலும் அந்நிலத்தின் குத்தகை வருமானத்தால் நின்று, அதனோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய செல்வர் இருப்பிடத்தை. வீட்டைச் சுட்டி நிலத்தை விட்டுவிடும் எந்தச் சொல்லும் இதில் பாதியைத்தான் சொல்லும். வான்ஸ்டெட் மாளிகையின் வரலாற்றில் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது லண்டனின் வடகிழக்குப் பகுதியாகிவிட்ட வான்ஸ்டெட் அன்று எசெக்ஸைச் சேர்ந்தது. முதலாம் எலிசபெத் அரசியின் அணுக்கரான லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி ஒருகாலத்தில் வைத்திருந்த அந்தச் சொத்தை, 1673இல் சர் ஜோசையா சைல்ட் வாங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்து அதைத் தம் விருப்பப்படி ஆட்டிவைத்த இவர்தான், சென்னப்பட்டணத்துக்கு ஒரு நகராட்சி மன்றம் வேண்டும் என்று வலியுறுத்தியவரும். 1687 டிசம்பரில் பட்டயம் பெற்று 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கும் வான்ஸ்டெட்டின் குளங்களுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. 1683இல் அங்கே போய்வந்த ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், தரிசு நிலத்தில் வால்நட் மரங்களை நடுவதற்கும் மைல் கணக்கில் மீன்குளங்களை வெட்டுவதற்கும் சைல்ட் வாரி இறைத்த பணத்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதி, திடீர்ப் பணக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் குடியேறுவார்கள் என்று ஒரு குத்தலையும் சேர்த்தார். நமக்கு வேண்டிய செய்தி அந்தக் குத்தலில் இல்லை. பழைய வீடு அப்படியே இருக்க, சைல்ட் முதலில் கைவைத்தது நிலத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அவர் மகன் ரிச்சர்ட் சைல்டும் அதே வரிசையில்தான் போனார். தோட்டக்கலை வல்லுநர் ஜார்ஜ் லண்டனைக் கொண்டு தோட்டங்களை முதலில் விரித்துவிட்டு, 1715 அளவில்தான் கட்டடக் கலைஞர் காலன் காம்பெல்லிடம் புதிய மாளிகையை ஒப்படைத்தார். முகப்பில் ஆறு பெருந்தூண்கள் தாங்கிய மண்டபத்தோடு எழுந்த அந்தக் கட்டடம், இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லேடியோவைப் பின்பற்றிப் பின்னர் இங்கிலாந்தில் பரவிய பல்லேடியப் பாணிக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று. 1760 அளவில் நீர்க்கரையில் சிப்பியும் பளிங்குக் கற்களும் பதித்த ஒரு குகை மண்டபமும், சற்றுத் தள்ளிக் கோவில் போன்ற ஒரு சிறு கட்டடமும் எழுந்தன.

ஏறத்தாழ நூறாண்டில் அழிவும் வந்தது. 1805இல் சிறுவனான தம்பி இறந்ததால் இந்தச் சொத்தெல்லாம் சைல்ட் வழிவந்த காதரின் டில்னி-லாங்கிடம் வந்து சேர்ந்தது. 1812இல் அவர் மணந்த வில்லியம் வெல்லெஸ்லி-போல், வெல்லிங்டன் பிரபுவின் அண்ணன் மகன், கடனிலேயே வாழ்ந்தவர். திருமண ஒப்பந்தத்தின்படி நிலம் வாரிசுகளுக்கே போய்ச்சேர வேண்டியதாக இருந்ததால், கடனை அடைக்க அவரால் அதை விற்க முடியவில்லை. ஆகவே 1822இல் வீட்டிலிருந்த பொருள்கள் முப்பத்திரண்டு நாள் ஏலம் போயின. மாளிகையை மாளிகையாக வாங்க ஆள் வரவில்லை. கல்லும் மரமும் ஈயமுமாகப் பிரித்தெடுத்துக்கொள்ள 10,000 பவுனுக்கு விற்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் தரைமட்டமாயிற்று. காதரின் 1825இல் இறந்தார். அவர் மகனுக்கு மிஞ்சியது வீடில்லாத நிலம்.

‘இழந்த மாளிகை’ என்றால் இழந்தவர் யார் என்ற கேள்வி உடனே வரும். இங்கே இழந்தவரே இடிக்க விற்றவர். ‘சிதைந்த’ என்பதும் பொருந்தாது, ஏனெனில் சிதைவென்று சுட்டிக்காட்ட அங்கே சுவர்கூட இல்லை. இன்று கோல்ஃப் திடலில் ஒரு பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் மற்ற மாளிகைகளை எடுத்துக்கொண்டாலோ, தீயில் போனவை, 1894இல் வந்த இறப்பு வரியை (இறந்தவரின் சொத்தின் மேல் விதிப்பது) வாரிசுகள் கட்ட முடியாமல் விற்று இடித்தவை, போரின்போது படையினர் தங்கிச் சீரழித்தவை என்று காரணங்கள் பல. 1955 வாக்கில் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு மாளிகை இடிந்தது; 1974இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. இத்தனை காரணங்களையும் உள்ளடக்க ‘மறைந்த’ என்ற அடைமொழியே போதும். காரணம் வேண்டுமானால் தனியே சொல்லிக்கொள்ளலாம்.

இனிப் பெயர்ச்சொல். யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சுற்றி வேலியடைத்த காணியும் சேர்ந்து ‘வளவு’. செட்டிநாட்டில் அதே சொல் வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய கட்டைக் குறிக்கிறது. சிங்களத்தில் நிலக்கிழாரின் மாளிகையே ‘வலவ்வ’. வீட்டையும் நிலத்தையும் ஒருசேரப் பிடிக்கும் சொல் நம்மிடம் புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக ஒட்டுப்போட வேண்டியதில்லை. ‘வளவு மாளிகை’ என்று கட்டடத்தையும், ‘மாளிகை வளவு’ என்று அதன் நிலப்பரப்பையும் குறிக்கலாம். செட்டிநாட்டு நண்பர்களுக்கு இது முதலில் சற்று உறுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘மாளிகை’ கூடவே வருவதால் மயக்கம் நேராது.

> நிலப்பரப்புக்குப் ‘பூங்கா’ என்றே சொல்லிவிடலாமே?

வான்ஸ்டெட்டைப் பொறுத்தவரை 1882க்குப் பிறகு தாராளமாகச் சொல்லலாம். லண்டன் மாநகராட்சி 1880இல் நிலத்தை வாங்கி எப்பிங் காட்டோடு சேர்த்து, 1882இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன் அது தனியார் வளவு. அதற்கும் முன் பார்க் என்ற சொல்லே வேட்டைக்காக மான்களை அடைத்த வேலிக்காட்டைக் குறித்தது. ஒரே மண்ணுக்கு மூன்று காலத்தில் மூன்று நிலை இருக்கையில், கட்டுரையாளர் எந்தக் காலத்தைப் பேசுகிறாரோ அதற்கேற்ப மான்காடு, வளவு, பூங்கா என மூன்றையும் கையாளட்டும்.

முன்பு சொன்ன நீர்க்கரைக் கட்டடமான, 1884இல் தீப்பிடித்து முகப்பு மட்டும் மிஞ்சிய அந்தக் ‘கிரோட்டோ’வுக்கு ‘செயற்கைக் குகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படகுத்துறையும் அதன்மேல் அறையுமாக இருந்த கட்டடம் அது. ஆகவே ‘குகை மண்டபம்’ பொருத்தம் என்பது என் துணிபு. மறுப்பு இருப்பவர்கள் இதே இழையில் எழுதுங்கள். ‘வளவு’ பற்றி ஈழத்து நண்பர்களின் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன்.