கண்ணாடி மணி: சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லையே?

நீலக்குச்சி (கேள்வி):
கோவையில் மொட்டைமாடி அறையில் எரிவாயு டார்ச்சின் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கிப் பாசிமணி செய்கிறேன். கை பழகிவிட்டது, உருண்டை ஒழுங்காக வருகிறது, சூளையில் மெல்ல ஆறவைத்தால் விரிசல் விடுவதில்லை. ஆனால் செய்வதெல்லாம் இணையத்தில் பார்த்த பூவும் புள்ளியும்தான். கண்காட்சியில் ஒருவர் கையில் எடுத்து, "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். நீங்களெல்லாம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

வண்ணத்துகள்:
வேறு கலைகளைப் பாருங்கள். எனக்கு மதுரைச் சுங்குடிப் புள்ளிகள் கைகொடுத்தன.

பாசிக்காரி:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சுங்குடியைக் கண்ணாடியில் போட்டாலும் அது சுங்குடிதானே!

தம்பி, படம் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளைப் பாருங்கள். பூவும் இல்லை, புள்ளியும் இல்லை. பெரும்பாலும் ஒரே நிறம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடேற்றி முனையை மழுக்கியிருக்கிறார்கள். அந்த வகை மணிதான் தென்கிழக்காசியா வரை கப்பலேறியது. செம்பு கொடுத்த அந்தச் செங்கல் சிவப்பைப் பார்த்தால், மேலே ஏதாவது வரைய எனக்கு மனம் வராது.

கண்ணாடி தானாக என்ன செய்கிறது என்று பாருங்கள். தந்த நிறக் குச்சியில் ஒரு மணி சுற்றி, அதன்மேல் டர்க்காய்ஸ் என்ற பச்சைநீல நிறத்தில் ஒரு பொட்டு வையுங்கள். இரண்டும் தொடும் விளிம்பில் கருங்கோடு ஒன்று ஓடும். தந்த நிறத்திலுள்ள கந்தகமும் டர்க்காய்ஸிலுள்ள செம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. நீங்கள் வரைந்தது இல்லை. எவ்வளவு நேரம் சுடரில் பிடித்தால் அது மெல்லியதாக நிற்கிறது, எப்போது பரவி அழுக்காகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு மாதம் அந்த இரண்டு குச்சிகளைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். விற்பனையை அப்புறம் பார்க்கலாம். அந்த மாதம் சந்தையில் மேசை போடவே வேண்டாம்.

வண்ணத்துகள்:
ஒரு மாதமா! எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பாசிக்காரி:
சலிப்புத் தட்டிய பிறகுதான் கை புதிதாக ஏதாவது செய்து பார்க்கும்.

நீலக்குச்சி:
செய்து பார்க்கிறேன் அக்கா. என்னிடமுள்ள தந்த நிறம் 104 வகை, டர்க்காய்ஸ் போரோசிலிகேட். பரவாயில்லையா?

பாசிக்காரி:
கூடவே கூடாது. அந்த எண் கண்ணாடி சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது. போரோசிலிகேட் 33 வகை; ஆறும்போது இரண்டு கண்ணாடியும் வேறு வேறு அளவு சுருங்கும், மணி வெடித்துவிடும். டர்க்காய்ஸையும் 104-லேயே வாங்குங்கள்.