கார்ல சார்ஜர் பாயின்ட் திடீர்னு செத்துப்போன அனுபவம் இருக்கா?

ராத்திரிப்பயணி:
போன மாசம் தாம்பரத்துலேர்ந்து மதுரைக்குப் போனோம். விக்கிரவாண்டி தாண்டி டீக்கு நிறுத்தினேன். உள்ள பையன் தூங்குறான், ஏசி ஓடட்டும்னு வண்டியை ஆஃப் பண்ணல. போனை மட்டும் சார்ஜரோட பிடுங்கிட்டு இறங்கினேன். திரும்பி வந்து சொருகினா ஏறல. 9 சதவீதம்தான் இருக்கு. திருகிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், ம்ஹூம். வீட்டுக்காரம்மா போன்ல மேப் போட்டு ஒருவழியா ஊர் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் மாமனார் வீட்டு வாசல்ல டார்ச் அடிச்சுப் பார்த்தா, சாக்கெட் அடியில என்னமோ மின்னுது. ஒரு ரூபாய்! இப்ப புழங்குற சின்ன ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர்தான், அந்த ஓட்டைக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. நாலு வயசுக்காரனைக் கேட்டா, "உண்டியல்ப்பா"ங்கிறான். துரை தூங்கவே இல்ல போல. நடுவுல இருக்கிற முனை பிளஸ், சுத்தியிருக்கிற உலோகச் சுவர் எர்த். காசு சாய்ஞ்சு ரெண்டையும் தொட்டா நேரா ஷார்ட்தான். போதாக்குறைக்கு அதுமேலயே நான் சார்ஜரை வச்சு அழுத்தியிருக்கேன்.

சாவியை எடுத்துட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். மூடியிலயே படம் இருக்கு. நீலக்கலர் 15 ஆம்பியர். வெளிச்சத்துல பிடிச்சா உள்ள கம்பி அறுந்து கருகியிருக்கு. காசை எடுக்க இடுக்கி விடாதீங்க, ஃபியூஸ் உயிரோட இருந்தா இடுக்கியே அடுத்த ஷார்ட். ஐஸ்கிரீம் குச்சி நுனியில டபுள் டேப் ஒட்டி எடுத்தேன். புது ஃபியூஸ் பத்து ரூபாய்.

சிங்காநல்லூரான்:
உங்களுக்குப் பத்து ரூபாய். எனக்கு சாக்கெட்டே போச்சு. டயருக்குக் காத்தடிக்கிற பம்பை மாட்டினதும் ஃபியூஸ் போயிடுச்சு. வழியில ஒரு கடையில, "இனிமே போகவே போகாது சார்"னு பச்சைக்கலர் 30 ஆம்பியரைச் சொருகிட்டார். ஆமா, ஃபியூஸ் போகல. ரெண்டாவது டயர் ஏறும்போது பிளாஸ்டிக் தீயுற வாடை, பிளக் உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு. என் வண்டி சாக்கெட் மூடியிலயே 120 வாட்னு எழுதியிருக்கு. 12 வோல்ட்டுக்கு வகுத்தா 10 ஆம்பியர், அவ்வளவுதான் அதோட தெம்பு. ஃபியூஸ் இருக்கிறதே உள்ள போற ஒயரைக் காப்பாத்தத்தான். பெரிசா போட்டா ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் எரியும். பம்பை இப்ப பேட்டரியில கிளிப் போட்டுத்தான் ஓட்டுறேன்.

பழையமாடல்:
ஃபியூஸ்னு குதிக்கிறதுக்கு முன்னாடி சார்ஜரை வேற வண்டியில மாட்டிப் பாருங்கப்பா. என்னுது சார்ஜரோட தலைதான். சில சார்ஜர்ல அந்த மூக்கைத் திருகினா கழண்டு வரும், உள்ள குட்டியா ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். இது தெரியாம அரைநாள் டேஷ்போர்டைக் கழட்டினவன் நான்.

மழைக்காலம்:
எங்க வீட்டுல எலி. ஃபியூஸ் நல்லாயிருக்கு, சார்ஜரும் நல்லாயிருக்கு, சாக்கெட்ல மட்டும் உயிர் இல்ல. தெரு முனையில இருக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்ட் லேம்ப் கிளிப்பைப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்ல மாட்டி, சாவியைப் போடச் சொன்னார். ஃபியூஸைக் கழட்டாமலே அதோட முதுகுல தெரியுற ரெண்டு புள்ளியையும் தொட்டார். ரெண்டுலயும் பல்பு எரிஞ்சுது. ஒண்ணுல மட்டும் எரிஞ்சா ஃபியூஸ் காலி, ரெண்டுலயும் எரியலன்னா கரண்டே அதுவரைக்கும் வரலன்னு அர்த்தமாம். ஃபியூஸ் வரைக்கும் வருது, சாக்கெட்டுக்கு வரல. கியர் பக்கத்துப் பெட்டியைத் தூக்கினா, ஒயர்ல ஒரு விரக்கடை நீளத்தைக் காணோம். பக்கத்துல பாதி தின்ன மேரி பிஸ்கட் வேற. பிஸ்கட் எங்க வீட்டுதுதான்.

ராத்திரிப்பயணி:
@மழைக்காலம், பிஸ்கட்டைப் படிச்சுட்டு வீட்டுக்காரம்மா காரைக் கூட்டப் போயிருக்காங்க. சாக்கெட்டுக்கு மூடி வாங்கிப் போட்டுட்டேன். பையன் இப்ப ஏசி வர்ற ஓட்டையைப் பார்த்துக்கிட்டு இருக்கான்.