எம்5-ஆ ஐஎஸ் எஃப்-ஆ, பழைய வண்டில எது தாங்கும்?

வணக்கம் மக்களே, 2008 பிஎம்டபிள்யூ எம்5 ஈ60 ஒன்னு பாத்து வெச்சிருக்கேன், அதோட வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜின் சத்தம் கேட்டதும் மனசு போயிடுச்சு, ஆனா வீட்ல லெக்ஸஸ் ஐஎஸ் எஃப் தான் வாங்கணும்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. எது கையைக் கடிக்காது?

பதில் 1: அண்ணே, எம்5 நிமிஷத்துக்கு 8,000 சுத்து (ஆர்பிஎம்) தாண்டி பாடும் சரிதான், ஆனா கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்ல சேர்ற இடத்துல இருக்கிற பேரிங்) தேயுறது அந்த இன்ஜினுக்கு ஊரறிஞ்ச வியாதி. மாத்துன பில் இருக்கா கேளுங்க, த்ராட்டில் ஆக்சுவேட்டர் (இன்ஜினுக்குக் காத்து விடுற வால்வைத் திறக்கிற மோட்டார்), எஸ்எம்ஜி (தானா கியர் மாத்துற கியர்பாக்ஸ்) பம்ப்பும் பாருங்க. பில் இல்லையா, அந்தக் காசைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.

பதில் 2: வீட்ல சொல்றதைக் கேளுங்க ப்ரோ 😄 ஐஎஸ் எஃப்-ல இருக்கிறது 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), டர்போ கிடையாது. வாட்டர் பம்ப் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க, இளஞ்சிவப்பா கறை காய்ஞ்சிருந்தா கூலன்ட் கசியுது.

பதில் 3: எதுவானாலும் கோல்டு ஸ்டார்ட் (ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ற சத்தம்) கேக்காம வாங்காதீங்க, சூடான இன்ஜின்ல சில கோளாறு சத்தம் மறைஞ்சிடும். நான் ஒரு வண்டி பாக்கப் போனப்போ விக்கிறவன் இன்ஜினை முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தான், பானட் சுட்டுச்சு, அப்பவும் எனக்கு உறைக்கல.