நடைவினை: ரஷ்ய அசைவுச் சொற்களுக்கு ஒரு பெயர்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

தத்தி, தள்ளாடி, துள்ளி, விழுந்தடித்துக்கொண்டு நகர்வதைச் சொல்லும் ரஷ்ய வினைகள் ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்று தமிழில் எழுத, நம் கலைச்சொல் பட்டியலில் அந்த வகைக்கு ஒரு பெயர் வேண்டும். நீங்கள் இதுவரை அனுப்பியவை மூன்று: முறைவினை, பாங்குவினை, குறிப்புவினை. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. 'குறிப்பு வினை' நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேறொன்றின் பெயர். 'அவன் நல்லன்' என்பதற்குப் படித்ததை இதற்கும் ஒட்டினால் மாணவர் குழம்பிப்போவார்கள். 'முறை' என்றதும் மாமன் முறையும் இரண்டாம் முறையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பாங்கு' பரவாயில்லை, ஆனால் அதில் அசைவு இல்லை.

பெயர் வைக்கும் முன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுவோம்.

'கவிலியாத்' என்று ஒரு வினை. கால் ஊனமுற்றவர் விந்தி விந்திப் போவதும் அதுதான், இப்போதுதான் நடை பழகும் குழந்தை தத்தித் தத்தி வருவதும் அதுதான். ஆங்கிலத்தில் இதை ஒரே சொல்லால் தாண்ட முடியாது. கிழவருக்கு 'ஹாபிள்', குழந்தைக்கு 'டாடில்', வாத்தைப்போல ஆடிப் போனால் 'வாடில்'. யார் போகிறார் என்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுக்கவே முடியாது. வாத்து விஷயத்தில் கதை தலைகீழ்: பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது என்று ரஷ்யர் நீட்டிச் சொல்வதை ஆங்கிலம் 'வாடில்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஆகவே ரஷ்யத்தில் சொல்வளம், ஆங்கிலத்தில் வறட்சி என்று எழுதுவது சரியல்ல. இரண்டிலும் வளம் இருக்கிறது, பிரித்து வைத்திருக்கும் இடம்தான் வேறு.

இன்னொன்று 'ப்லிஸ்தீஸ்'. 'பின்னு, முடை' என்ற வினையிலிருந்து வந்தது. கால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் சோர்ந்து போவது. அகராதியைத் திறந்தால் 'பிளாட்' (plod) என்று எதிரே இருக்கும். எனக்கு அது எப்போதும் உறுத்தும். 'பிளாட்' என்பதில் ஒரு வைராக்கியம் இருக்கிறது, மெதுவானாலும் விடமாட்டேன் என்பது. ரஷ்யச் சொல்லில் அப்படி எதுவும் கிடையாது. வரிசையின் வாலில் தொங்கிக்கொண்டு போவது, அவ்வளவுதான். இங்கே தவறிப்போவது நடையல்ல, நடப்பவர்மேல் சொல்பவருக்கு இருக்கும் எண்ணம்.

முன்னொட்டு சேர்ந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 'தகவிலியால்' என்றால் கவிலியாத்தில் 'வரைக்கும்' என்ற பொருளுள்ள 'தோ', 'த' என ஒலித்து, ஒட்டி வந்த இறந்தகாலம். 'கிழவர் கதவுவரை தகவிலியால்' என்பதை 'ஹாபிள்ட் டு த டோர்' என்று பெயர்த்தால் தவறில்லை, ஆனால் அந்தத் 'தோ'வில் இருக்கும் பாடு போய்விடுகிறது. முழங்கால் அறுவைக்குப் பின் என் பெரியப்பா சுவரைப் பிடித்தபடி கூடத்திலிருந்து வாசலுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். நிலைப்படியைத் தொட்டதும் பெரியம்மா சொன்னது, "ஒருவழியா வந்து சேந்துட்டாரு." அந்த 'ஒருவழியா'தான் 'தோ'. ஆங்கிலத்தில் 'மேனேஜ்' என்று தனியாக ஒரு வினையைக் கூட்டினால்தான் அது கிடைக்கும்.

மொழிகள் திசையை வினைக்குள் வைக்கின்றனவா, வெளியே வைக்கின்றனவா என்று மொழியியலாளர் லெனார்டு டால்மி 1985-இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார். ரஷ்யமும் ஆங்கிலமும் ஒரே கட்சி: நடை வினையில், திசை வெளியே. ரஷ்யத்தில் அது முன்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் பின்னால் நிற்கும். நாம் எதிர்க்கட்சி. 'நொண்டி நொண்டி வந்தான்' என்பதில் திசை முற்றில் இருக்கிறது, நடை எச்சத்தில் இருக்கிறது. எனவே ஒரு பெயர் போதாது, ஜோடியாக வேண்டும். என் முன்மொழிவு: நடைவினை, திசைவினை. நுழை, ஏறு, இறங்கு எல்லாம் திசைவினை. நொண்டு, தத்து, தவழ் எல்லாம் நடைவினை.

இந்தப் பெயரை முன்பே சொல்லிப் பார்த்தபோது, காலால் போகாததையும் 'நடை' என்று எப்படிச் சொல்வது என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'தஷீத்ஸா' என்ற வினை 'தன்னை இழுத்துக்கொண்டு போ' என்பது. ஊரின் மறுகோடிக்கு மெட்ரோவில் உட்கார்ந்து போனாலும் ரஷ்யர் சலிப்பாக அதைச் சொல்வார். ஆனால் அம்மா, நாமும் ஸ்கூட்டரில் போய்விட்டு "அந்த ஆபீசுக்கு நடையா நடந்தேன்" என்கிறோமே! வண்டியில் நெல் ஏற்றினாலும் 'ரெண்டு நடை' அடித்தோம் என்கிறோம். உரைக்கும் ஒரு நடை உண்டு. காலை விட்டு அந்தச் சொல் எப்போதோ புறப்பட்டுவிட்டது. அலுப்பும் அதில் ஏறும், ஒயிலும் ஏறும். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சுவது ஒரு சிறு கூட்டம். 'ப்ரிக்', 'ஷ்மிக்', 'பூஹ்': குதித்தல், நழுவி ஓடுதல், தொப்பென்று விழுதல். காலமும் இடமும் காட்டும் விகுதி எதுவும் இல்லாமல் அடிச்சொல் மட்டும் நின்று வினைவேலை செய்யும். ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் செய்யுள் நாவலான 'யெவ்கேனி அனேகி'னில், குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் நாயகி தத்யானா நிழலினும் இலேசாக அடுத்த ரேழிக்கு 'ப்ரிக்'. முற்று இல்லை, ஆனால் அவள் போய்விட்டாள். ஆங்கிலத்தில் காலம் காட்டும் வினை ஒன்று வந்தாக வேண்டும், வந்ததும் வேகம் ஒரு படி குறைந்துவிடும். நமக்கு 'என' இருக்கிறது. இசையும் (ஒலி) குறிப்பும் 'என'வோடு வரும் என்று தொல்காப்பியர் இடையியலில் சொல்லியிருக்கிறார். 'தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள' என்று நிறுத்தினாலே போதும், 'விழுந்தான்' வேண்டியதில்லை.

இந்த அறுந்த வடிவத்துக்கு 'மொட்டைவினை' என்று வைக்கலாமா? கொச்சை என்று சிலர் சொல்லக்கூடும். புஷ்கினுக்கும் இது நேர்ந்தது. அதே நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் அவர் எழுதிய 'ஹ்லோப்', 'தோப்' போன்ற சொற்களைத் தேறாத புதுமை என்று பத்திரிகைகள் கண்டித்தன. இவை ரஷ்யத்தின் வேர்ச்சொற்களே என்று தம் குறிப்பில் அவர் பதில் எழுதினார். 'மொட்டை'யும் நம் வேர்ச்சொல்தான். விகுதி மழிக்கப்பட்டது என்று கேட்டதும் புரிகிறது.

ஞாயிறுவரை காத்திருக்கிறேன். மறுப்பு வராவிட்டால் நடைவினையையும் திசைவினையையும் நம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மொட்டைவினை இப்போதைக்குக் கேள்விக்குறியோடு இருக்கட்டும். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் 'ப்ரிக்' இருக்கும் அந்த வரியிலேயே பொருத்திப் பார்த்து அனுப்புங்கள்.