ஷ்ரேபர்கார்ட்டன்: முற்பகுதிக்குப் பொருள் என்ன?

கேள்வி: ஜெர்மன் நகரங்களில் ரயில் பாதைகளை ஒட்டிக் காணப்படும் சிறு தோட்டங்களை ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்கிறார்கள். ‘கார்ட்டன்’ தோட்டம் என்று தெரியும். ‘ஷ்ரேபர்’ எதைக் குறிக்கிறது, ஐயா?

மறுமொழி 1: அது ஒருவரின் பெயர். நகரக் குழந்தைகளுக்குத் திறந்தவெளி உடற்பயிற்சி தேவை என்று வலியுறுத்திய லைப்சிக் மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபர் 1861இல் மறைந்தார். பள்ளித் தலைமையாசிரியர் எர்ன்ஸ்ட் ஹவுஷில்ட், 1864இல் தாம் தொடங்கிய சங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். அச்சங்கம் அமைத்தது விளையாட்டுத் திடலையே.

மறுமொழி 2: தோட்டம் பிறகுதான் வந்தது. அத்திடலின் ஓரத்தில் ஆசிரியர் ஹைன்ரிஷ் கெசெல் குழந்தைகளுக்காகப் பாத்திகள் அமைத்தார். அவர்களின் ஆர்வம் குறைந்ததும், பெற்றோரே அவற்றைப் பராமரித்து, வேலியிட்டுக் குடும்பத் தோட்டங்களாக்கினர். நியாயமாக, கெசெலின் பெயரே நிலைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3: சட்டத்தில் இதன் பெயர் ‘கிளைன்கார்ட்டன்’, அதாவது சிறுதோட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பரப்பு 400 சதுர மீட்டரைத் தாண்டலாகாது.